அம்மா நாலு நாள் பால் கறக்கல

எங்கம்மாவுக்கு 63 வயசு. காங்கயம் பக்கத்துல இருக்கற எங்க தோட்டத்துக்குக் கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து, எங்க ரெண்டு பேர் பிரசவத்துக்கு அம்மச்சி ஊட்டுல இருந்த மாசங்களும், ஒரு ஆபரேசனுக்காக கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில கெடந்த பத்து நாளும் தவிர, விடியக்காலம் நாலரை மணிக்கு கட்டுத்தறிக்குப் போகாத நாள்னு ஒண்ணு கெடையாதுங்க. சொந்தத்துல கண்ணாலம்னாலும் பொழுதோட ஊடு வந்து சேரோணும், எழவு வீட்டுக்குப் போனாலும் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்துரோணும். ஒறம்பரை ஊட்டுல ராத்திரி தங்கிட்டுப் போன்னு யாராவது சொன்னா "மாடு கண்ணை உட்டுப்போட்டு எப்படிங்க தங்கறது"ன்னு அவங்க சொல்ற அந்த ஒரு பதிலைக் கேட்டே நான் வளந்தேன், நாப்பது வயசுல தான் அது என்னை உறுத்த ஆரம்பிச்சுது.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். எனக்கும் லீவுன்னு ஒண்ணு கெடையாது, ஞாயித்துக்கெழமை கூட சாம்பிள் போச்சா, சாயப்பட்டறைல இருந்து துணி வந்துச்சான்னு போன் வந்துட்டே இருக்கும். ஆனா வருசத்துல ஒரே ஒரு வாரம், கிறிஸ்மஸ் முடிஞ்சு ஜனவரி முதல் வாரம் வரைக்கும், ஐரோப்பாவுல பையர் ஆபீசெல்லாம் மூடியிருப்பாங்க, மெயில் வராது. அந்த வாரத்துல போன வருசம் பொண்டாட்டி பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போனேன். மேல ஏறுற ரோட்டுல அஞ்சு மணி நேரம் வண்டி நவுறல, பாப்பா வாந்தி, ரூம் வாடகை மூணு மடங்கு, திரும்பி வந்தப்போ போனதை விட அசதியா இருந்துச்சு. அடுத்த வருசம் அந்தக் கூட்டத்துக்குள்ள போகக்கூடாது, அம்மா அப்பாவையும் கூட்டிக்கிட்டுத் தான் போகோணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

எடம் சொன்னது எங்க கம்பெனி பேக்கிங் செக்சன்ல இருக்கற ஒரு அண்ணன். வேதாரண்யத்துக்காரர். 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் அவர் ஊர் வழியாத் தான் கரை ஏறுச்சு, ஒரே ராத்திரில தென்னந்தோப்பு முச்சூடும் படுத்துருச்சு, அதுக்கப்பறம் தான் பொழப்புக்காக திருப்பூருக்கு வந்தாரு. "காடும் கடலும் ஒட்டிக்கிட்டு இருக்கற எடம் பாக்கணும்னா கோடியக்கரை போங்க தம்பி, ஐப்பசி கார்த்திகைல போவாதீங்க, மழையும் புயலும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, மார்கழி கடைசில போங்க, மழை ஓஞ்சு தண்ணி நெறைய நிக்கும், பறவை பூராவும் அங்க தான் கெடக்கும்"னாரு. பட்டிப் பொங்கலுக்கு, அதான் மாட்டுப் பொங்கலுக்கு, முன்னாடி திரும்பி வந்துரலாம்ங்கற கணக்கும் சரியா ஒத்து வந்துச்சு.

அம்மாவைச் சம்மதிக்க வெக்கறது தான் பெரும்பாடாப் போச்சு. எங்களுக்கு கறவைல ரெண்டு, அதுல செவலை காங்கயம் மாடு, அம்மாவைத் தவிர வேற யாரு மடில கை வெச்சாலும் பாலை எறக்காது, எட்டி ஒதைக்கும். பங்காளி ஊட்டுச் சின்னம்மா நான் கறந்துக்கறேன், நீ போயிட்டு வாக்கான்னு சொன்னாங்க. அம்மா ரெண்டு நாள் ரோசனை பண்ணாங்க. கெளம்பறதுக்கு நாலு நாள் இருக்கறப்பவே சின்னம்மாவை வரச்சொல்லி, தான் கட்டியிருந்த பழைய நூல் சேலையை தொவைக்காம அப்படியே மடிச்சுக் குடுத்தாங்க. "இதை மேல போட்டுக்கிட்டு உக்காரு, பேசாத, நான் மூக்கால ஒரு பாட்டு இழுப்பேனே அதை இழு." மூணு நாள் சாயங்காலம் சின்னம்மா அந்தச் சேலையப் போத்திக்கிட்டு கறந்து பழகுனாங்க. மொத நாள் செவலை தலையத் திருப்பி அந்தச் சேலையை மோந்து மோந்து பாத்துச்சு, கறக்க உடல. ரெண்டாம் நாள் பாதி எறக்குச்சு. மூணாவது நாள் சொம்புல நொரை கட்டுனதைப் பாத்த பொறவு தான் அம்மா பேக்குல துணி எடுத்து வெச்சாங்க.

விடியக்காலம் நாலு மணிக்கு வண்டி எடுத்தோம். கரூர், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை, எல்லாம் சேத்து 300 கிலோமீட்டருக்குச் சித்த மேல வரும். தூக்குப்போசில அரிசியும்பருப்புஞ் சோறு, ஒரு பாட்டில்ல தேங்கா எண்ணெய், இது ரெண்டும் இல்லாம அம்மா எங்கயும் கெளம்ப மாட்டாங்க. திருச்சிகிட்ட காவேரியைப் பாத்ததும் அப்பா "நம்ம அமராவதித் தண்ணியும் இதுல தான் போகுது"ன்னு பாப்பாகிட்ட சொன்னாரு, கரூருக்கு அந்தப்பக்கம் அமராவதி காவேரில சேர்றதை அவ புக்குல படிச்சிருக்கா, ஆனா அப்பா சொன்னப்போ தான் சன்னலுக்கு வெளிய எட்டிப் பாத்தா. தஞ்சாவூர் தாண்டுனதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சம்பா நெல்லு கதிர் வாங்கி பச்சையும் மஞ்சளுமா நிக்குது. எங்களுது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்துல கடைமடை, வாய்க்கால்ல தண்ணி வருமா வராதான்னு வருசா வருசம் அண்ணாந்து பாத்துட்டு இருக்கற மண்ணு. திருத்துறைப்பூண்டில டீக்கடை வாசல்ல ஒரு வயசானவர் "நாங்க கடைமடைங்க, மேட்டூர்ல தொறந்தாலும் எங்களுக்கு வந்து சேர நாளாகும்"னு சொன்னதும் அப்பாவுக்குச் சொந்தக்காரரைப் பாத்த மாதிரி ஆகிப்போச்சு. அரை மணி நேரம் வண்டியில ஏறவே இல்ல. அந்த அரை மணி நேரத்தை நான் முன்னையா இருந்தா அவசரப்படுத்தியிருப்பேன். அன்னிக்கு உட்டுட்டேன், எங்களுக்கு எங்கயும் போயிச் சேர வேண்டிய அவசரம் இல்லைல்ல.

தங்கறதுக்குப் பெருசா ஒண்ணும் கெடையாது அங்க, ரிசார்ட்டு நீச்சல் கொளம் எல்லாம் தேடுறவங்களுக்கு இது தோதுப்படாது. வனத்துறை ரெஸ்ட் ஹவுஸ் இருக்கு, முன்னாடியே கேட்டு வாங்கோணும், எங்களுக்கு ரெண்டு ராத்திரி கெடைச்சுது, மூணாவது ராத்திரிக்கு வேதாரண்யத்துல லாட்ஜ்.

கோடின்னா கடைசி, முனை. தமிழ்நாட்டுக் கரை வடக்க இருந்து நேரா எறங்கி வந்து இந்த எடத்துல தான் சடார்னு மேக்கால திரும்புது. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை, கடலுக்கு அக்கட்டா யாழ்ப்பாணம். அந்த முக்குல ஒரு காடு. காடுன்னதும் வால்பாறை டாப்சிலிப் மாதிரி வானத்தைத் தொடுற மரம்னு நெனைச்சிராதீங்க. கடக்காத்து அடிச்சு அடிச்சு மேல வளர முடியாம கொடை மாதிரி கவுந்து நிக்கற மரங்க, எல கெட்டியா, வெயில்ல பளபளன்னு, வருசம் முழுக்க பச்சை. உள்ள நடந்தா தலை முட்டும். அதுல முக்கால்வாசி பாலை மரம். கூட வந்த வனத்துறை வாச்சர் இதுக்கு உலக்கைப்பாலைன்னு பேரும்மான்னு சொன்னதும் அம்மா நின்னுட்டாங்க. கட்டையில கை வெச்சுத் தடவிப் பாத்தாங்க, நகத்தால கீறிப் பாத்தாங்க. "எங்கம்மாகிட்ட இருந்த ஒலக்கை இந்த மரமாத் தான் இருக்கும், ரெண்டு கையால தூக்கோணும், அம்புட்டுக் கனம்"னாங்க. அதுக்கப்பறம் அவங்க தான் எங்களுக்கு கைடு. "இது நம்ம கொறங்காட்டு வேலில இருக்கற சங்கமுள்ளு தானே, இது காரை தானே"ன்னு ஒவ்வொரு செடியா பேர் சொல்லிக்கிட்டே வர்றாங்க. கொறங்காடுன்னா எங்க பக்கம் வேலி போட்டு மாடு மேய உடற மேய்ச்சக்காடு. 300 கிலோமீட்டர் தள்ளி வந்தும் அவங்களுக்குத் தெரிஞ்ச மண்ணு. சீமைக்கருவேலத்தைப் பாத்ததும் மட்டும் மொகம் மாறிப்போச்சு, "இங்கயும் வந்துருச்சா இந்தச் சனியன்." புல்வெளி முழுக்க அது ஏறி மேய்ச்சலைக் கெடுக்குது, வனத்துறைல வெட்டி வேரோட புடுங்கிட்டே இருக்காங்க, அது மறுபடி மொளைச்சுட்டே இருக்கு. எங்க கொறங்காட்டுலயும் இதே கதை தான், இதைப் பத்தி தனியா ஒரு நாள் எழுதோணும்.

அந்தப் புல்வெளில தான் வெளிமானு. 1967ல இந்த எடத்தை சரணாலயம் ஆக்குனதுக்கு முக்கியக் காரணமே இந்த மானுக தான். சத்தியமங்கலத்துப் பக்கம் மோயாத்துப் பள்ளத்தாக்குலயும் இதுக இருக்கு, ஆனா இவ்வளவு பக்கத்துல, கடலைப் பின்னாடி வெச்சு, நான் பாத்ததே இல்ல. கெடா கருகருன்னு முதுகு, வயிறு வெள்ளை, கொம்பு ரெண்டும் முறுக்குப் புழிஞ்ச மாதிரி மேல போகுது. பொட்டை வெளிர் பழுப்பு, கொம்பு கெடையாது. கூட்டமா மேஞ்சுட்டு இருந்ததுல ஏதோ ஒண்ணு மெரண்டு, நாலு காலையும் ஒண்ணாத் தூக்கி எம்பிக் குதிச்சுது, அதைப் பாத்து அடுத்தது, அதைப் பாத்து அடுத்தது, முப்பது மானும் ரப்பர் பந்து மாதிரி எம்பி எம்பிப் போனதுல பாப்பா கத்தறதுக்கு வாயைத் தொறந்தவ சத்தமே வராம நின்னா. கொஞ்சம் தள்ளி காட்டுக் குதிரைக மேயுது. யாரோ எப்பவோ உட்டுட்டுப் போன குதிரைகளோட வாரிசுக, இப்போ யாருக்கும் சொந்தமில்ல. ராத்திரி ரெஸ்ட் ஹவுஸ் பின்னாடி நரி ஊளை உட்டுச்சு, அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ கேட்டது, எங்க பக்கம் கேட்டு எத்தனையோ வருசமாச்சு, அவங்க எழுந்து சன்னல்கிட்ட போயி நின்னுக்கிட்டாங்க.

ரெண்டாம் நாள் பறவைக. எதுக்காக இவ்வளவு தூரம் வந்தோம்னு கேட்டா, இதுக்குத் தான்.

வேதாரண்யத்துச் சதுப்புன்னு ஒண்ணு இருக்கு, காட்டுக்கு மேக்கால கண்ணு முட்டும் தூரத்துக்கு தட்டையா, மொழங்கால் தண்ணி நிக்கற வெளி. காவேரியோட கெளை ஆறுக, பாமணியாறு, கோரையாறு இதெல்லாம் மேக்க முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வழியா வந்து கடல்ல கலக்கற எடத்துல இருந்து கெழக்க இந்த முனை வரைக்கும் எல்லாம் ஒரே நீர்வெளியாத் தான் சேத்துச் சொல்றாங்க, 2002ல இதை உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சார் பட்டியல்ல சேத்துட்டாங்க. கரைமேட்டுல வண்டியை நிறுத்திட்டு பாத்தா தூரத்துல உப்பு குவிச்சு வெச்ச மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வாச்சர் பைனாகுலரைக் குடுத்தாரு. கோடு கோடா நின்னதெல்லாம் பூநாரை. கழுத்தைக் கீழ உட்டு, அலகைத் தலைகீழாக் கவுத்து, தண்ணியை உறிஞ்சி வடிகட்டி உள்ள இருக்கற சின்னச் சின்ன எறாப் பூச்சியத் திங்குது. அந்த எறாலும் பாசியும் தான் அதோட றெக்கைக்கு ரோஸ் கலரைக் குடுக்குது, குஞ்சா இருக்கறப்போ சாம்பல் கலர் தான், கலர் ஏற வருசங்க ஆகும். அம்மா பைனாகுலர்ல ஒண்ணை மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க. அது நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி காலால சேத்தை மிதிச்சுது, கெளம்பி வர்றதை உறிஞ்சுது, மறுபடி மிதிச்சுது. "தொளிய மிதிக்குது பாரு, தழையப் போட்டு மிதிப்போமே அதே மாதிரி." சித்த நேரம் கழிச்சு ஒரு வல்லூறு மேல வந்துச்சோ என்னமோ, அந்த வெள்ளைக் கோடு முச்சூடும் ஒரே நேரத்துல எந்திரிச்சுது. றெக்கையை விரிச்சதும் உள்ள இருந்த செகப்பும் கருப்பும் வெளிய வந்து, வானத்துல ஒரு சேலை உதறுன மாதிரி இருந்துச்சுங்க. அம்மா கையில பைனாகுலர் இருந்தும் கண்ணுல வெக்கல. வெறும் கண்ணுல பாத்தாங்க.

பூநாரையாவது பெருசு. கரையோரம் எங்க காலுக்குப் பத்தடில குடுகுடுன்னு ஓடிட்டு இருந்த உள்ளான், நம்ம சிட்டுக்குருவி அளவு தான், சின்ன உள்ளான் 30 கிராம் கூட வராது. அது சைபீரியாவோட வடகோடில, ஐஸ் மூடற எடத்துல முட்டை வெச்சு குஞ்சு பொரிச்சுட்டு, அங்க குளுரு இறங்குனதும் இமயமலைக்கு இக்கட்டா வந்து இந்தச் சேத்துல குளிர்காலத்தைக் கழிக்குது. இதையெல்லாம் எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னா காலுல வளையம் போட்டு. பறவை ஆராய்ச்சிக்காரர் சலீம் அலி இந்த எடத்தோட அருமையைப் பாத்து எடுத்துச் சொன்ன பொறவு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க இங்கயே மையம் வெச்சு வருசக்கணக்கா பறவைகளை வலையில புடிச்சு, நம்பர் போட்ட வளையத்தை மாட்டி, திரும்பப் பறக்க உட்டிருக்காங்க. அந்த நம்பரை இன்னொரு நாட்டுல இன்னொருத்தர் பாத்தா, எங்கிருந்து எங்க போச்சுன்னு தெரிஞ்சுரும். "நம்ம செவலைக்கு காதுல மஞ்ச டேக் மாட்டுனாங்களே 12 நம்பரோட, அது மாதிரிங்களா"ன்னு அம்மா கேட்டாங்க. ஆமாம்மான்னாரு வாச்சர். அம்மா அந்தக் குருவியப் பாத்துட்டே "இம்புட்டுக் கூட்டுக்குள்ள என்ன தெம்பு இருக்குமுங்க, வந்து நாலு மாசம் நல்லாத் தின்னுட்டுக் கெடக்கட்டும்"னாங்க.

வந்து நல்லாத் தின்னுட்டுக் கெடக்கட்டும். எனக்கு அந்த வார்த்தை அங்கயே மனசுல உக்காந்துக்கிச்சு. எங்க ஊர்ப்பக்கம் சும்மா இருக்கறதுன்னா சோம்பேறித்தனம். தறி ஓடோணும், மோட்டார் ஓடோணும், மெசின் ஓடோணும், நடுராத்திரிலயும் திருப்பூர்ல எங்கயாவது ஒரு ஓவர்லாக் சத்தம் கேக்கும். அந்த ஒழைப்புல தான் நாங்க படிச்சோம், தின்னோம், அதைக் கொறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா எங்கம்மா ஒரு குருவிக்குக் குடுத்த அனுமதியைத் தனக்கு ஒருநாளும் குடுத்துக்கல, நாங்களும் அவங்களுக்குக் குடுக்கல. டீ வேணும்னா அம்மா, சோறு வேணும்னா அம்மா. நாப்பது வருசமா பாத்துட்டு இருந்துட்டு இப்பத் தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம்.

மத்தியானத்துக்கு மேல கடக்கரை. கோடியக்கரைக் கடக்கரைல மத்த ஊரு பீச்சு மாதிரி கடைக கெடையாது, ஐப்பசில இருந்து பங்குனி வரைக்கும் வெளியூர் மீனவங்க வந்து கொட்டாய் போட்டுத் தங்கி மீன் புடிக்கறாங்க, வலை காயுது, கருவாடு காயுது. இந்த மாசங்கள்ல ராத்திரி பங்குனி ஆமை கரைக்கு வந்து மணல்ல குழி தோண்டி முட்டை போடும், வனத்துறைக்காரங்க அந்த முட்டையைப் பத்திரமா எடுத்துப் பொரிக்க வெச்சு குஞ்சைக் கடல்ல உடறாங்க. ஆமையைப் பாக்கற பாக்கியம் எங்களுக்கு அமையல. அம்மா ஒரு படகு நெழல்ல சேலையைக் காலுக்குச் சுத்திக்கிட்டு உக்காந்தாங்க. மொத அரை மணி நேரம் கை சும்மா இருக்கல, கெடந்த சிப்பியைப் பொறுக்கிச் சேத்துனாங்க, பாப்பாவுக்குத் தலை பின்னி உட்டாங்க, "அப்பனுக்கு மாத்திரை குடுத்தியா"ன்னாங்க, சின்னம்மாவுக்கு போன் போடச் சொன்னாங்க, டவர் கெடைக்கல. அப்பறம் மெல்ல மெல்ல கை மடில எறங்குச்சு. அப்படியே கடலைப் பாத்துட்டு இருந்தாங்க. மார்கழி வெயிலு, சூடு இல்ல, காத்துல ஈரம், பேச்சே இல்ல. என் பொண்டாட்டி எங்கிட்ட சைகை காட்டுனா, திரும்பிப் பாத்தா அம்மா படகுல சாஞ்சு தூங்கிட்டாங்க. பகல்ல எங்கம்மா தூங்கி நான் பாத்ததில்லைங்க. வெயில் மொகத்துல பட்டப்போ அப்பா எந்திரிச்சு, ஒண்ணுமே சொல்லாம, தன்ற துண்டை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. எவ்வளவு நேரம்னு பாக்கல நான்.

மூணாவது நாளை வேகமாச் சொல்லிடறேன். இராமர் பாதம்னு ஒரு மேடு, அங்க நின்னு தான் ராமர் இலங்கையப் பாத்தார்ங்கறாங்க, சுத்திப் பாத்தா காட்டோட தலை மட்டும் பச்சைக் கம்பளி மாதிரி தெரியுது. கோடிக்குழகர் கோயில். இந்தக் கடக்காத்துல தொணைக்கு ஆளில்லாம இப்படித் தனியா உக்காந்திருக்கீங்களேன்னு சுந்தரர் சாமியப் பாத்து வருத்தப்பட்டாராம், அம்மா அதைக் கேட்டுட்டு ஒரு சுத்து எச்சாச் சுத்துனாங்க. வேதாரண்யத்துல பெரிய கோயில், அங்க இருந்து அகஸ்தியம்பள்ளி உப்பளம். 1930 ஏப்ரல்ல திருச்சில இருந்து ராஜாஜி தொண்டர்களோட நடந்தே வந்து உப்பு எடுத்த எடம், தூண் வெச்சிருக்காங்க. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1932 ஜனவரில நம்ம திருப்பூர்ல குமரன் அடிபட்டுச் செத்தாரு, ரெண்டையும் சேத்து பாப்பாவுக்கு அப்பா சொல்லிக் குடுத்தாரு. மழைத் தண்ணி வடிஞ்சு உப்பளத்துல பாத்திகளைச் சரி பண்ணிட்டு இருந்தாங்க. அதுல ஒரு அம்மாவோட காலைப் பாத்து, பாதம் பூரா வெடிச்சு வெள்ளையா இருந்ததைப் பாத்து, எங்கம்மா வண்டில இருந்த தேங்கா எண்ணெய் பாட்டிலை எடுத்து அப்படியே குடுத்துட்டு வந்துட்டாங்க. அந்த அம்மா பதிலுக்கு போன வருசத்துக் கல்லுப்பு ஒரு பை கட்டிக் குடுத்தாங்க.

பேக்கிங் அண்ணன் ஊட்டுல தான் அன்னிக்கு மத்தியானச் சோறு. அவர் ஊருல இல்ல, அவங்க வீட்டம்மா வாவல் மீன் கொழம்பு வெச்சுப் போட்டாங்க. தோப்புல வேரோட சாஞ்ச மரத்தோட கட்டைக இன்னும் சிலது கெடக்கு. புதுசா வெச்ச கன்னுக இடுப்பளவுக்கு மேல வந்துருச்சு. தென்னைக்காரங்களுக்குத் தெரியும், ஒரு மரத்தை ஆளாக்கறதுக்கு என்ன பாடுன்னு. அப்பா ஒவ்வொரு கன்னா போயி குருத்தை வெலக்கிப் பாத்து, "வண்டு உழுகாமப் பாத்துக்கங்க, குருத்துல வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தாரு.

நாலாம் நாள் பொழுதோட ஊடு வந்து சேந்தோம். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே செவலை கத்துச்சு. சின்னம்மா அன்னிக்கும் கறந்து முடிச்சுட்டாங்க, சேலையைக் கொடில போட்டிருந்தாங்க. அம்மா காலைக் கூடக் கழுவாம கட்டுத்தறிக்குப் போனாங்க, மாடு அவங்க கையை, சேலைத் தலைப்பை, காலை எல்லாம் நக்கு நக்குன்னு நக்குச்சு, கடக்காத்து உப்பு ஒட்டியிருந்துச்சு போல. பட்டிப் பொங்கலன்னிக்கு வேதாரண்யத்து உப்பைத் தான் தண்ணித் தொட்டில போட்டாங்க.

பங்குனி கடைசில ஒரு நாள், வெயில் ஏறிப்போச்சு, நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அம்மா வாசல்ல முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தவங்க தலையத் தூக்காமயே கேட்டாங்க.

"அந்தக் குருவிக கெளம்பியிருக்குமா கண்ணு?"

"கெளம்பியிருக்கும்மா, இந்நேரத்துக்கு வடக்க போயிட்டு இருக்கும்."

"போற வழியில தண்ணி கெடைக்கோணும்"னாங்க. கீரையை மொறத்துல போட்டுட்டு எந்திரிச்சுப் போயி, கொட்டாய் மேல காக்கா குருவிக்கு வெச்சிருந்த மண்சட்டிய எறக்கி, பாசியத் தேச்சுக் கழுவி, தண்ணி ஊத்தி வெச்சாங்க.